கைகட்டி நின்னா மரியாதையா, மூடின மனசா?

எந்த ஊர்ல சாஃப்ட் ஸ்கில்ஸ் ட்ரெயினிங் நடந்தாலும் ரெண்டாவது இல்ல மூணாவது ஸ்லைடுல ஒரு வட்டம் வந்துடும், மூணு கலர்ல பிரிச்சு 7, 38, 55ன்னு போட்டிருப்பாங்க. நாம சொல்றதுல வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கும் உடம்புக்கும் 55, அதனால பாடி லாங்குவேஜ்தான் எல்லாமேன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுவாங்க. நான் பல வருஷமா காரைக்குடியில பிள்ளைங்களுக்கு இன்டர்வியூவுக்கும், கடை வேலைக்கும், ஹோட்டல் ஃப்ரன்ட் ஆபீஸ் வேலைக்கும் பயிற்சி கொடுத்துக்கிட்டு இருக்கேன். தேவகோட்டை, கல்லல், புதுவயல், பள்ளத்தூர், குன்றக்குடின்னு சுத்துப்பட்டுல இருந்து பஸ் புடிச்சு வர்ற பிள்ளைங்க, அதுல நிறைய பேர் அவங்க வீட்டுல முதமுதலா ஆபீஸ்னு ஒரு இடத்துக்குள்ள காலெடுத்து வைக்கப் போறவங்க. இந்தப் பிள்ளைங்ககிட்ட அந்த வட்டத்தக் காட்ட எனக்கு மனசே வர்றதில்ல.

அந்தக் கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா, ஆல்பர்ட் மெஹ்ராபியன்னு ஒரு உளவியல் பேராசிரியர் 1967ல கூட இருந்தவங்களோட சேந்து ரெண்டு ஆய்வு செஞ்சாரு. ஒத்த ஒத்த வார்த்தைய வேற வேற குரல்ல பதிவு பண்ணி, சிலதுக்கு முகத்தோட ஃபோட்டோவையும் காட்டி, பேசறவருக்கு எதிராளியப் புடிச்சிருக்கா புடிக்கலையான்னு கேட்டாங்க. அவ்வளவுதான். வார்த்தை ஒண்ணு சொல்லி முகம் வேற சொன்னா, புடிச்சிருக்கா இல்லையாங்கற விஷயத்துல ஜனங்க முகத்த நம்பறாங்கங்கறதுதான் அதுல இருந்து தெரிஞ்சது. உணர்ச்சியப் பத்திப் பேசாத இடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. பேங்க்ல போய் நகைக்கடன் வட்டி எவ்வளவு, எத்தன மாசத்துல திருப்பணும்னு கேக்கறோம், அதுல 93 சதவீதத்த மேனேஜர் முகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியுமா? பிள்ளைங்க இந்த நம்பர நம்பிட்டு, பாடத்தப் படிக்கறத விட்டுட்டு கண்ணாடி முன்னாடி சிரிச்சுப் பழகறாங்க. அதுதான் எனக்கு ஆத்தமாட்டாத விஷயம்.

அதுக்காக உடம்பு பேசறது முக்கியமில்லன்னு நான் சொல்ல வரல. அப்படிச் சொன்னா இந்த ஊர்ல எனக்குச் சோறு கிடைக்காது. இந்தச் செட்டிநாட்டுச் சீமையே ஒரு காலத்துல கடல் தாண்டிப் போய் பாஷை தெரியாத ஆளுங்ககூட கொடுக்கல் வாங்கல் பண்ணிச் சம்பாதிச்ச சீமை. பர்மாக்காரர், மலாய்க்காரர், சீனர், சிங்களவர்னு எத்தன பேரோட பேசியிருப்பாங்க, அத்தன பேர் பாஷையும் முழுசா தெரிஞ்சுக்கிட்டா போனாங்க?

எங்க ஐயா, அதாவது எங்க அப்பாவோட அப்பா, ரெண்டாம் உலகச் சண்டைக்கு முன்னாடி சிறு பையனா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போனவுக. அங்க கிட்டங்கின்னு ஒண்ணு உண்டு, நம்ம ஆளுங்க அத்தன பேருக்கும் தெரிஞ்ச பேருதான். நீளமான ஒரு ஹால், அதுல பல விலாசங்க, அதாவது கடன் கொடுக்கற நிறுவனங்க, பக்கத்துப் பக்கத்துல, ஒவ்வொருத்தருக்கும் ஒரு மரப்பெட்டி, ஒரு பாய், பின்னாடி ஒரு அலமாரி, நடுவுல சுவரும் கிடையாது தடுப்பும் கிடையாது. அதுதான் ஆபீஸ். பெட்டியடியில சம்மணம் போட்டு உக்காந்து பெட்டி மேலயே கணக்கு எழுதணும். சின்னப் பையங்க முதல்ல எடுபிடி வேலைதான் பாக்கணும், பெருக்கணும், தண்ணி எடுத்து வைக்கணும், வசூலுக்குப் போறவுக பின்னாடி பை தூக்கிக்கிட்டுப் போகணும். அப்படி நின்னு பாத்தே தொழில் கத்துக்கணும், யாரும் பக்கத்துல உக்கார வச்சுப் பாடம் நடத்த மாட்டாக.

ஐயா சொன்னதுல ஒரு விஷயம் எனக்கு இன்னைக்கும் வகுப்புல பயன்படுது. கடன் கேக்க வர்றவரு தூரத்துல வரும்போதே, வேகமா வர்றாரா, தயங்கித் தயங்கி வர்றாரா, பக்கத்துப் பெட்டியில யாரு இருக்காகன்னு பாத்துட்டு வர்றாரான்னு முதலாளி பாத்துருவாகளாம். ஆனா வந்து உக்காந்த உடனே அவரு முகத்தையே பாத்துக்கிட்டு இருக்க மாட்டாகளாம். பேரேட்டத் திருப்பறாப்புல தலையக் குனிஞ்சுக்குவாக. வந்தவருக்கு மூச்சு அடங்கணும், வேர்வைய தொடச்சுக்கணும், என்ன கேக்கறதுன்னு மனசுக்குள்ள ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கணும், அதுக்கு அவருக்கு நேரம் வேணும். பிறகுதான் நிமுந்து பாத்து "சொல்லுங்க"ம்பாக. கொடுக்கறதா இருந்தா எப்படி வேணா சொல்லலாம், இல்லைன்னு சொல்லணும்னாதான் கவனமா இருக்கணும்னு ஐயா சொல்லுவாக. "மறுக்கறப்ப முகத்தப் பாத்து மறுக்கணும், பக்கத்துப் பெட்டிக்குக் கேக்கப்படாது." பக்கத்துப் பெட்டி கைக்கெட்டற தூரத்துல இருக்கு, இன்னைக்கு இங்க கிடைக்காதவரு நாளைக்கு அங்கதான் போய்க் கேக்கணும், இங்க இல்லைன்னு சொன்னது அங்க காதுல விழுந்துட்டா அந்த மனுசனோட யாவாரம் அன்னையோட முடிஞ்சுபோகும்.

இத எதுக்கு இவ்வளவு விரிவா சொல்றேன்னா, இப்ப பாடி லாங்குவேஜ்னு விக்கறது முழுக்க கேக்கறவங்களுக்கான பாடம். வேலை கேக்கறவன் நிமுந்து உக்காரணும், சம்பள உயர்வு கேக்கறவ தைரியமா தெரியணும், பொருள் விக்கறவன் சிரிக்கணும். கொடுக்கற இடத்துல, மேல் நாற்காலியில உக்காந்திருக்கவங்க உடம்ப எப்படி வச்சுக்கணும்னு யாரும் வகுப்பு எடுக்கறதில்ல. ஐயாவுக்குக் கிடைச்சது அந்தப் பாடம். என்னைக் கேட்டா ஆபீஸ்ல முதல்ல அதத்தான் நடத்தணும், ஏன்னா கீழ வேலை பாக்கறவங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மேல இருக்கவர் முகத்தப் படிச்சுக்கிட்டேதான் இருக்காங்க, அவர் இவங்க முகத்தப் படிக்கறதுக்கு எந்தக் கட்டாயமும் இல்ல.

நம்ம மாட்டுச் சந்தைகள்லயும் இதே மானம் காக்கற புத்திதான் இருக்கு. விக்கறவர் கைய தரகர் புடிச்சுக்குவாரு, ரெண்டு கையையும் மூடி ஒரு துண்டு விழும், உள்ள விரலப் புடிச்சே விலை பேசுவாங்க. எந்த விரலப் புடிச்சா எவ்வளவுங்கறது அவங்களுக்குள்ள ஒரு கணக்கு, சந்தைக்குச் சந்தை மாறும். சுத்தி நூறு பேர் நின்னாலும் என்ன விலைக்குக் கேட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. போட்டிக்காரனுக்குத் தெரியக்கூடாதுங்கறது ஒரு காரணம். குறைஞ்ச விலைக்குக் கேட்டவரும், பணமுடையில குறைஞ்ச விலைக்குத் தள்ளிவிட்டவரும் நாலு பேர் முன்னாடி தலகுனிய வேண்டியதில்லங்கறது அதே அளவு பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். இப்ப நிறைய ஆபீஸ்ல இன்க்ரிமென்ட் பேசறது கண்ணாடி போட்ட கேபின்ல, வெளிய அத்தன பேரும் உள்ள இருக்கவங்க முகத்தப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. வெளிய வரும்போது முகம் எப்படி இருந்துச்சுங்கறதுதான் அன்னைக்கு முழுக்க பேச்சு. ஒரு திரை போட எவ்வளவு ஆகப்போகுது?

ஜவுளிக்கடைக்கு வருவோம், நான் ரொம்ப நேரம் நின்னு பாக்கற இடம் அது. காரைக்குடியில ஒரு கடையில பல வருஷமா சேலை செக்‌ஷன்ல நிக்கற ஒரு அக்கா இருக்காங்க. முகூர்த்த மாசத்துல அவங்க வேலை பாக்கறதப் பாக்கணும். கல்யாணத்துக்கு எடுக்க வந்த கூட்டம், ஆச்சி, மக, மருமக, சம்பந்தி வீட்டுல ரெண்டு பேர். அக்கா பாக்கறது முகத்த இல்ல, கைய. பிரிச்சுப் போட்ட சேலையில எந்தக் கை எது மேல ரெண்டாவது தடவ வருது, கரைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து யாரு தேச்சுப் பாக்கறாங்க, முந்திய யாரு தோள் மேல வச்சுப் பாத்துட்டு மெதுவா இறக்கி வைக்கறாங்க. வாயால "நல்லாருக்கு"ன்னு சொன்ன சேலை மடிப்புக்குப் போயிடும், ஒண்ணுமே சொல்லாம கை போய் நின்ன சேலைதான் பில்லுக்குப் போகும்.

ஒரு நாள் நான் இருக்கும்போது ஒரு ஆச்சி நம்ம பக்கத்துக் கண்டாங்கிச் சேலை கேட்டாக, 2019ல புவிசார் குறியீடு வாங்கினதுல இருந்து வெளியூர்க்காரங்ககூட பேரச் சொல்லிக் கேக்கறாங்க, அதுல கட்டம் போட்ட அரக்கு கலர் ஒண்ணு அவுகளுக்குப் புடிச்சுப்போச்சு. விலைச்சீட்ட கையால எடுத்துப் பாக்கல, கண்ண மட்டும் ஒரு ஓட்டம் விட்டுட்டு மகளப் பாத்தாக. மக போனப் பாத்துச்சு. சம்பந்தி அம்மா பக்கத்துல உக்காந்திருக்காக. புதுசா சேந்த பொண்ணா இருந்தா "விலை கம்மியில காட்டவா ஆச்சி"ன்னு கேட்டிருக்கும், அதோட அந்த ஆச்சி எழுந்து போயிருப்பாக. அக்கா வாயே தொறக்கல. அதே அரக்குல இன்னும் ரெண்ட எடுத்து, விலைச்சீட்டு மேல தெரியறாப்புல மடிச்சு, முதல் சேலைக்குப் பக்கத்துலயே போட்டாங்க, போட்டுட்டு வேற யாரோ கூப்பிட்டாப்புல ரெண்டு அடி தள்ளிப் போயிட்டாங்க. திரும்பி வந்து "ஆச்சி, எத தனியா எடுத்து வைக்கட்டும்?"னு கேட்டாங்க, ஆச்சி ரெண்டாவதக் காட்டினாக.

இதுல நான் எல்லாருக்கும் சொல்லிக் காட்டறது கடைசிக் கேள்விய. அக்கா கையப் படிச்சாங்க, கண்ணப் படிச்சாங்க, ஆனா தானா ஒண்ண எடுத்து பில்லுக்கு அனுப்பல, கேட்டாங்க. உடம்பு சொன்னதா நாம நினைக்கறது நம்ம ஊகம். அவங்க வாயால சொன்னாத்தான் விஷயம் முடியும்.

ஊகத்த அப்படியே தீர்ப்பா எழுதிட்டா என்ன ஆகும்னு சொல்றேன். வெளியூர்ல இருந்து ஒரு கம்பெனி வந்து இங்க ஒரு காலேஜ்ல அக்கவுன்ட்ஸ் வேலைக்கு ஆள் எடுத்தாங்க, நானும் ஓரமா உக்காந்திருந்தேன். கல்லல் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு பொண்ணு உள்ள வந்துச்சு. பெரியவங்க முன்னாடி நிக்கறோம்ங்கற நினைப்புல ரெண்டு கையையும் நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிச்சு. உக்காரச் சொன்ன பிறகும் கை கட்டினபடியேதான் இருந்துச்சு. கேள்வி கேட்டா மேஜையப் பாத்துப் பதில் சொல்லும், பதில் முடிஞ்சா நிமுந்து ஒரு நொடி பாக்கும், மறுபடி குனிஞ்சுக்கும். பதில் அத்தனையும் சரி. டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல ஒரு என்ட்ரிய தப்பா போட்டா எப்படித் திருத்தறதுன்னு கேட்டதுக்கு, அந்த மாச ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாச்சா இல்லையான்னு அது திருப்பிக் கேட்டுச்சு, அனுபவஸ்தங்க கேக்கற கேள்வி அது. மார்க் சீட்டுல என்ன எழுதினாங்க தெரியுமா? தன்னம்பிக்கை இல்லை, எதையோ மறைக்கிறாப்புல இருக்கு, மூடின உடல்மொழி.

ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து "கையக் கட்டு, வாயப் பொத்து"ன்னு சொல்லி வளத்த ஊரு இது. கோயில்ல சாமி முன்னாடி கைகட்டுவோம், ஹெட்மாஸ்டர் ரூம்ல கைகட்டுவோம், பஞ்சாயத்துல பெரியவங்க பேசும்போது கைகட்டுவோம். இங்க கை கட்டினா "நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்"னு அர்த்தம். எங்கயோ வெளிநாட்டுல எழுதின கையேட்டுல கைகட்டினா மனசு மூடியிருக்குன்னு போட்டிருக்கு, அத மனப்பாடம் பண்ணிட்டு வந்தவர் இந்தப் பொண்ணோட மரியாதைய பயம்னு படிச்சுட்டாரு. நான் வெளிய வந்து அவங்ககிட்ட எடுத்துச் சொன்னேன், கேட்டுக்கிட்டாங்க, ஆனா லிஸ்ட் மாறல. அந்தப் பொண்ணு இப்ப தேவகோட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கு, ரிட்டர்ன் போடற சீசன்ல அந்த ஆபீஸே அது கையிலதான் ஓடுதுன்னு அங்க வேலை பாக்கற இன்னொரு பிள்ளை சொல்லுச்சு. நஷ்டம் அந்தக் கம்பெனிக்குத்தான்.

இப்ப நான் பிள்ளைங்களுக்கு கைய மடியில வச்சுக்க, இல்ல மேஜை மேல வச்சுக்கன்னு சொல்லித்தான் அனுப்பறேன், எதிர்ல இருக்கவங்க என்ன படிப்பாங்கன்னும் காரணத்தச் சொல்லிடுவேன், உங்க வீட்டுப் பழக்கம் தப்புன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஆள் எடுக்க வர்றவங்களுக்கும் முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துடறேன். இங்க இப்படி நிப்பாங்க, இப்படிப் பாப்பாங்க, நாக்கால "ச்ச்"ன்னா இல்லைன்னு அர்த்தம் அலுப்பு இல்ல, தலைய ரெண்டு பக்கமும் ஆட்டினா சரின்னு அர்த்தம், சந்தேகமா இருந்தா இன்னொரு தடவ கேட்டுடுங்கன்னு. சில பேர் படிக்கறாங்க.

இந்தக் கண்ணப் பாக்கற விஷயத்துல இன்னொரு பெரிய மூடநம்பிக்கை இருக்கு, கண்ணப் பாத்துப் பேசலன்னா பொய் சொல்றாங்கன்னு. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோன்னு ரெண்டு உளவியலாளர்கள் 2006ல, பொய்யக் கண்டுபுடிக்கறதப் பத்தி அதுவரைக்கும் நடந்த நிறைய ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. ஆளப் பாத்து, பேச்சக் கேட்டு, இது பொய்யா நிஜமான்னு ஜனங்க சரியா சொன்னது சராசரியா 54 சதவீதம்தான், காசச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இத ஏன் சொல்றேன்னா, எனக்குத் தெரிஞ்ச ஒரு கடையில கல்லாவுல பணம் குறைஞ்சப்ப, பில் போடற பொண்ணுக்குக் கை நடுங்குச்சு, வார்த்தை தடுமாறுச்சு, அத வச்சே அதுதான் எடுத்துருச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. எல்லாரையும் நிக்க வச்சு, நடுவுல அத நிறுத்தி, முதலாளி உருட்டி முழிச்சுக் கேட்டா யாருக்குத்தான் கை நடுங்காது? மறுநாள் பாத்தா ஒரே பில் ரெண்டு தடவ ஏறியிருக்கு. கணக்கத்தான் முதல்ல பாத்திருக்கணும். அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் அந்தக் கடைக்கு வரல.

தள்ளி நிக்கறதப் பத்தியும் சொல்லணும். எட்வர்ட் ஹால்னு ஒரு மானிடவியலாளர் 1966ல தூரத்த நாலா பிரிச்சாரு, ஒண்ணரை அடிக்குள்ள நெருங்கினவங்களுக்கு, நாலு அடி வரைக்கும் சிநேகிதங்களுக்கு, நாலுல இருந்து பன்னெண்டு அடி அலுவல் பேச்சுக்கு, அதுக்கு மேல மேடைப் பேச்சுக்கு. அது அமெரிக்காவோட வடகிழக்குப் பக்க ஜனங்கள வச்சு எழுதினதுன்னு அவரே சொல்லியிருக்காரு, நம்ம டவுன் பஸ்ஸுக்கு அது பொருந்தாது. ஆனா ஆபீஸுக்குள்ள ஒரு இடத்துல அது உயிரான விஷயம். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்க பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கறேன்னு பின்னாடி இருந்து குனிஞ்சு மவுஸப் புடிக்கற சீனியர் இருக்காரே, அந்தப் பொண்ணு நாற்காலிய முன்னாடி இழுத்துக்கிட்டு தோளக் குறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கும், அவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, இல்ல தெரிஞ்சும் தெரியாதமாதிரி இருப்பாரு. 2013ல வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துல உடலால, வார்த்தையால செய்யறதோட, வார்த்தை இல்லாம செய்யற பாலியல் நடத்தையையும் சேத்தே எழுதியிருக்கு, எதிராளிக்கு விருப்பமில்லன்னா அது குற்றம். பாக்கற பார்வையும் அதுல அடங்கும். பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எந்த இடத்துலயும் உள் புகார் குழு இருக்கணும், அதுக்குக் குறைஞ்சா மாவட்ட அளவுல குழு இருக்கு. நம்ம பக்கத்துக் கடைகள்ல வேலை பாக்கற எத்தனையோ பிள்ளைங்களுக்கு இது தெரியல, நான் முதல் நாள் வகுப்புலயே சொல்லிடறேன்.

பழச நான் தூக்கி வச்சுப் பேசறேன்னு யாரும் நினைச்சுடக்கூடாது. இதே ஊர்ப் பெரிய வீடுகளோட முகப்புத் திண்ணை இருக்கே, இன்னைக்கு டூரிஸ்டுங்க ஃபோட்டோ எடுக்கற அதே திண்ணை, அங்க யாரு மேல ஏறி உக்காரலாம், யாரு படிக்குக் கீழயே நின்னு பேசணும், யாரு தோள்ல இருக்க துண்ட எடுத்து இடுப்புல கட்டணும், யாரு செருப்பக் கையில தூக்கிக்கிட்டுத் தெருவக் கடக்கணும்னு எல்லாத்தையும் சாதி வச்சுத்தான் முடிவு பண்ணாங்க. வாயால ஒரு வார்த்தை திட்டாம, ஒரு மனுசன நீ கீழன்னு தினமும் அவன் உடம்பாலயே சொல்ல வச்ச ஏற்பாடு அது. மரியாதைன்னு பேரு வச்சு வாங்கினது பயத்த. ஆபீஸ்ல, கடையில இன்னைக்கும் அதோட மிச்சம் இருக்கு. டீ வந்தா யாருக்குக் கப்புல, யாருக்கு பேப்பர் டம்ளர்ல, யாரு வந்தா எல்லாரும் எந்திரிக்கணும், யாரக் கூப்பிட பேரு வேண்டாம் விரலச் சொடுக்கினா போதும். கிட்டங்கியில கத்துக்கிட்ட நாசூக்கு வேணும், திண்ணையில நடந்த அநியாயம் வேண்டாம், ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியணும்.

தைரியத்துக்குன்னு ஒரு போஸ் சொல்லித் தர்றாங்களே, இன்டர்வியூவுக்கு முன்னாடி பாத்ரூம்ல போய் இடுப்புல கைய வச்சு ரெண்டு நிமிஷம் அகட்டி நில்லுன்னு, அதப் பத்தி நிறைய பிள்ளைங்க கேக்கறாங்க. 2010ல 42 பேர வச்சு செஞ்ச ஒரு சின்ன ஆய்வுல இருந்து கிளம்பினது அது, உடம்ப அகட்டி வச்சா ஹார்மோனே மாறுதுன்னு சொன்னாங்க. 2015ல 200 பேர வச்சு மறுபடி செஞ்சு பாத்தா ஹார்மோன் மாறல. அந்த முதல் ஆய்வ எழுதினவங்கள்ல முதல் பேரா இருந்த டானா கார்னியே 2016ல, இந்த விளைவு நிஜம்னு நான் இப்ப நம்பலன்னு வெளிப்படையா எழுதிட்டாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, பயோடேட்டாவ ஒரு தடவ படிச்சுட்டுப் போங்கன்னுதான் நான் சொல்றது.

வீடியோ கால் வந்ததுல இருந்து புதுசா ஒரு தலைவலி. 2009ல பத்து மொழிகள எடுத்து, ஒருத்தர் கேள்வி கேட்டு முடிச்சதுக்கும் அடுத்தவர் பதில் ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்தாங்க, தமிழ் அந்தப் பத்துல இல்ல, சராசரியா ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்குதான் வந்துச்சு. அவ்வளவு சின்ன இடைவெளிக்கு நம்ம காது பழகியிருக்கு. நெட் கொஞ்சம் இழுத்தா பதில் அரை நொடி லேட்டா போகும், அந்தப் பக்கம் இருக்கவருக்கு இந்தப் பிள்ளை தயங்குதுன்னு தோணும், "முடியுமா முடியாதா"ன்னு மறுபடி கேப்பாரு, அதே நேரத்துல இங்க இருந்து "முடியும் சார்" போய்ச்சேரும், ரெண்டும் மோதிக்கும். இதோட நம்ம தலையாட்டல் வேற, சின்னக் கட்டத்துல அது ஆமாவா இல்லையான்னு கண்டுபுடிக்கவே முடியாது. அதனால கால்ல இருக்கும்போது வாயால "ஆமா சார், புதன்கிழமைக்குள்ள அனுப்பிடறேன்"னு முழு வாக்கியமா சொல்லச் சொல்றேன். வாட்ஸப்புல கட்டைவிரல் போடறதும் இதே கதைதான், பாத்துட்டேன்னு போட்டாங்களா ஒத்துக்கிட்டேன்னு போட்டாங்களான்னு சண்டை வராத ஆபீஸே இல்ல.

கடைசியா ஒரு விஷயம், இது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது. நம்ம ஊர்க் கடைகள்ல வேலை பாக்கற பொண்ணுங்க காலையில கடை தொறந்ததுல இருந்து ராத்திரி ஷட்டர் இறக்கற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பாங்க. கஸ்டமர் இல்லாத மத்தியான நேரத்துலயும் உக்காரக்கூடாது, உக்காந்தா சோம்பேறின்னு தெரியும், கஸ்டமருக்கு மரியாதை இல்லன்னு தெரியும், இதுதான் முதலாளிங்க சொல்ற காரணம். கால் வீங்கி நிக்கற பொண்ணு முகத்துல எப்படிங்க சிரிப்பு வரும்? கேரளாவுல 2018லயே இதுக்குச் சட்டம் வந்துச்சு. தமிழ்நாட்டுல 2021ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டுவந்து, வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இடம் கொடுத்தே ஆகணும்னு ஆக்கிட்டாங்க.

நான் போற ஒரு கடையில முதலாளி நல்லவருதான், சட்டம் வந்த உடனே செக்‌ஷனுக்கு ரெண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டாரு. ஆனா யாரும் உக்காரல, ஸ்டூல் மேல அட்டைப்பெட்டிய அடுக்கி வச்சிருந்தாங்க. "நான்தான் உக்காரச் சொல்லிட்டேனே, இவுகளே உக்காரலன்னா நான் என்ன பண்றது"ன்னு அவர் என்கிட்ட வருத்தப்பட்டாரு. அண்ணே, நீங்க கல்லாவுல இருந்து எந்திரிச்சு சேலை செக்‌ஷன் பக்கம் வரும்போது உங்க புருவம் என்ன பண்ணுதுன்னு நீங்க பாத்ததில்லன்னு சொன்னேன். அவர் வாய் உக்காருன்னு சொல்லியிருக்கு, ஆனா யாராவது உக்காந்திருந்தா கண்ணு ஸ்டூலுக்குப் போய் அங்கயே நிக்கும், அடுத்து விலகியிருக்க சேலை மடிப்ப ஒண்ண அவரே சரி பண்ணுவாரு. அந்தப் பிள்ளைங்க எத நம்புவாங்க?

அவர் அத மனசுல போட்டுக்கிட்டாரு. அட்டைப்பெட்டிய அவரே எடுத்து கீழ வச்சாரு, மத்தியானம் ரவுண்டு வரும்போது எந்திரிக்கப் போன பொண்ணப் பாத்து கைய கீழ காட்டி இருங்கன்னுட்டு நிக்காம நடந்து போயிட்டாரு, தினமும் அப்படியே செஞ்சாரு. முதல்ல வயசான ஒரு அம்மா உக்காந்தாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா. இப்ப அங்க வந்திருக்க பிரச்சினை, ஸ்டூல் உயரம் பத்தல, உக்காந்தா கவுண்டருக்கு மேல தலை மட்டும்தான் தெரியுது, ஆள் இல்லன்னு நினைச்சு கஸ்டமர் அடுத்த செக்‌ஷனுக்குப் போயிடறாங்க. ஆசாரிகிட்ட உயரமா, கால் வைக்க ஒரு கட்டையோட செய்யச் சொல்லியிருக்காரு, ஆடிக் கழிவுக்கு முன்னாடி வந்துடும்னு சொன்னாரு.